பைத்தான் 3.12, 3.13, 3.14: இப்போது எதைப் போடுவது?

பைத்தான் நிரல் மொழியில் புதிதாக ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிக்கிறீர்கள், பழைய சுமை எதுவும் இல்லை, வேலை தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்பது மட்டும்தான் கவலை என்றால் 3.13 போடுங்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். மற்றவர்களுக்குத்தான் மீதி எல்லாம். ஏனென்றால் பழைய சுமை இல்லாத ப்ராஜெக்ட் என்று ஒன்றைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. புதிது என்று சொல்லி ஆரம்பிப்பதிலும் யாராவது ஒருவர் 2021-ல் எழுதிய ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை, அதாவது எந்த நூலகம் எந்தப் பதிப்பில் வேண்டும் என்ற பட்டியலை, கொண்டுவந்து ஒட்டிவிடுவார்கள், அப்புறம் அந்த ஃபைல் சொல்கிறபடிதான் எல்லாம் நடக்கும்.

முதலில் ஆயுள் கணக்கு. ஜாவாவில் 17, 21, 25 என்று நீண்ட காலம் தாங்கும் எல்டிஎஸ் பதிப்புகள் தனியாக உண்டு, நடுவில் வருபவற்றுக்கு ஆறு மாதம்தான். பைத்தானில் அந்தப் பாகுபாடு கிடையாது. 3.9-லிருந்து வருடத்துக்கு ஒன்று, அக்டோபர் மாதம், எல்லாவற்றுக்கும் 5 வருடம். அதனால் இரட்டைப்படை எண்தான் ஸ்டேபிள், ஒற்றைப்படை சோதனைக்கு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 3.10-க்கு 2026 அக்டோபரோடு முடிகிறது, 3.11-க்கு 2027, 3.12-க்கு 2028, 3.13-க்கு 2029, 3.14-க்கு 2030, எல்லாமே அக்டோபர். 3.9-க்கு 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இன்னும் அதில் உட்கார்ந்திருப்பவர்கள் நடுவில் இருப்பதையெல்லாம் தாண்டிக் கடைசிப் பத்திக்கு நேராகப் போய்விடலாம்.

ஆனால் அந்த 5 வருடமும் ஒரே மாதிரி கவனிப்பு கிடைக்காது. 3.12 வரைக்கும் முதல் ஒன்றரை வருடம்தான் சாதாரண பக்குகளைத் திருத்தினார்கள், 3.13-லிருந்து அதை 2 வருடமாக ஆக்கியிருக்கிறார்கள். அதற்கப்புறம் பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் அடைப்பார்கள், அதையும் சோர்ஸாக, அதாவது நாமே கம்பைல் செய்துகொள்ள வேண்டிய மூல நிரலாக, மட்டும்தான் வெளியிடுவார்கள். விண்டோஸில் வேலை செய்கிறவர்களுக்கு இது நேரடியாக இடிக்கும் இடம். 3.12-க்கு அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலர் கடைசியாக வந்தது 2025 ஏப்ரலில், 3.12.10. அதற்குப் பிறகு வந்த 3.12.11, 3.12.12 எதற்கும் இரண்டு கிளிக்கில் போடும் ஃபைல் கிடையாது. 3.11-க்கு 3.11.9-உடன் நின்றுவிட்டது, 3.10-க்கு 2023-லேயே 3.10.11-உடன். ஆபீஸ் லேப்டாப்பில் தளத்துக்குப் போய் இன்ஸ்டாலர் இறக்கி 3.12 போட்டுவிட்டு, 2028 வரைக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தால், அந்தப் பாதுகாப்பு உங்கள் மெஷினுக்கு வந்து சேரவே சேராது. யூவி, கோண்டா மாதிரி கருவிகள் வழியாகப் போட்டால் அவர்களே கம்பைல் செய்த புதிய பதிப்பு கிடைக்கும், அது வேறு விஷயம். இன்ஸ்டாலரை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு உண்மையில் 3.13, 3.14 என்று இரண்டே வாய்ப்புகள்தான்.

சரி, ஆயுளை வைத்து மட்டும் பார்த்தால் எல்லோரும் 3.14 போட்டுவிட வேண்டியதுதானே, ஏன் தயக்கம்? ஏனென்றால் மொழி தனியாக வருவதில்லை. கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போது கடைசியாகத் தயாராகிறவரை வைத்துத்தான் வேன் புறப்படும் நேரம் முடிவாகும் இல்லையா, அதே கதைதான். உங்கள் பட்டியலில் எந்த நூலகம் மெதுவாக நகர்கிறதோ அதுதான் பதிப்பைத் தேர்ந்தெடுக்கிறது. மெஷின் லேர்னிங் நூலகமான டென்சர்ஃப்ளோ நல்ல உதாரணம்: 3.12 வெளிவந்தது 2023 அக்டோபரில், டென்சர்ஃப்ளோ 2.16 வழியாக அதற்கு ஆதரவு வந்தது 2024 மார்ச்சில். 3.13-க்கு இதைவிடவும் தாமதம். சுத்த பைத்தானில் எழுதிய நூலகங்களுக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. சி, சி++, ரஸ்ட் கலந்தவற்றுக்குத்தான் ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் பெரும்பாலும் தனியாக வீல் (முன்கூட்டியே கம்பைல் செய்த இன்ஸ்டால் ஃபைல்) கட்டி ஏற்ற வேண்டும், அது யாரோ ஒரு பராமரிப்பாளர் நேரம் ஒதுக்கினால்தான் நடக்கும்.

எதிர்ப்பக்கத்தில் பழைய பதிப்பிலேயே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. எரர் எதுவும் வராது, அதுதான் சிக்கலே. 3.10-ல் எண் கணக்குகளுக்கான நம்பை நூலகத்தை இன்ஸ்டால் செய்து பாருங்கள், நூலகங்களை இறக்கிப் போடும் கருவியான பிப் எந்தப் புகாரும் இல்லாமல் 2.2.6-ஐ எடுத்துக் கொடுக்கும். ஏனென்றால் நம்பை 2.3-லிருந்து 3.11-க்குக் கீழே ஆதரவு இல்லை, அந்தத் தகவல் பேக்கேஜிலேயே எழுதியிருக்கிறது, பிப் அதைப் பார்த்துவிட்டு உங்கள் பைத்தானுக்குப் பொருந்தும் கடைசி ஒன்றைத் தேடிப்பிடித்துப் போடுகிறது. 3.9-ல் அதே கட்டளைக்கு 2.0.2 வரும். திரையில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். நூலகங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோய், ஒரு நாள் ஏதோ ஒரு பக்குக்குத் தீர்வு தேடும்போது, அது புதிய பதிப்பில் எப்போதோ சரியாகிவிட்டது என்று தெரியவரும். அறிவியல் நூலகக்காரர்கள் ஸ்பெக் 0 என்று ஒரு பொது ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள்: வெளிவந்து 3 வருடம் ஆன பைத்தானைக் கைவிடலாம் என்று. ஆக, மொழிக்கு 5 வருடம் என்றாலும் டேட்டா வேலை செய்பவருக்கு உண்மையில் கிடைப்பது 3 வருடம்தான்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஆனால் எல்லாவற்றுக்கும் சமமாக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 3.10-ஐப் பற்றிப் புதிதாகத் தேர்ந்தெடுப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை, வேண்டாம். மேட்ச் ஸ்டேட்மென்ட் அதில்தான் வந்தது, அது எல்லாவற்றிலும் இருக்கிறது. 3.11 ஒரு காலத்தில் பெரிய தாவல். 3.10-ஐவிடச் சராசரியாக 1.25 மடங்கு வேகம் என்று பைத்தானை உருவாக்குகிறவர்களே அளந்து சொன்னார்கள், நிரல் வகையைப் பொறுத்து 10 முதல் 60 சதவீதம் வரை, நாம் ஒரு வரிகூட மாற்றாமல். ஆனால் வேகத்தைவிட எனக்கு அதில் பிடித்தது எரர் காட்டும் விதம். ஒரு ஏபிஐ பதிலை (இன்னொரு நிரல் அனுப்பும் தகவலை) எடுத்து ஒரே வரியில் நான்கு சதுர அடைப்புக்குறிகள் போட்டு உள்ளே உள்ளே போகிறீர்கள், வாடிக்கையாளர், முகவரி, ஊர், பின்கோடு என்று. நடுவில் ஏதோ ஒன்று வெறுமையாக வந்துவிட்டது. 3.10 அந்த வரியைக் காட்டிவிட்டு "நன்டைப்" என்று சொல்லி முடித்துக்கொள்ளும், நான்கில் எது வெறுமை என்று பிரின்ட் போட்டுத் தேட வேண்டும். 3.11 அந்த வரிக்குக் கீழேயே சின்னக் கூரைக் குறிகளை வரிசையாகப் போட்டு முகவரி வரைக்கும் அடிக்கோடிட்டுக் காட்டிவிடும். இரவு பதினோரு மணிக்குச் சர்வர் லாக்கைப் பார்ப்பவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். 3.11-ல் இருப்பவர்கள் பதற வேண்டாம், 2027 வரைக்கும் நேரம் இருக்கிறது. புதிதாகப் போடக் காரணம் எதுவும் இல்லை.

நிஜமான போட்டி 3.12-க்கும் 3.13-க்கும் நடுவில்தான், அப்புறம் 3.14 வேண்டுமா என்ற தனிக் கேள்வி.

3.12-ல் சேர்த்ததைவிட நீக்கியதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பேக்கேஜ் கட்டும் டிஸ்ட்யூட்டில்ஸ் போனது. இம்போர்ட் வேலைக்கான பழைய இம்ப் மாடியூல் போனது. புதிதாக வென்வ் (ஒரு ப்ராஜெக்டுக்கான தனிச் சூழல்) உருவாக்கினால் பேக்கேஜ் கட்டும் செட்டப்டூல்ஸ் தானாக உள்ளே வராது என்று ஆக்கினார்கள். டெஸ்ட் எழுதும் யூனிட்டெஸ்டில் அசர்ட்ஈக்வல்ஸ் என்று கடைசியில் எஸ் போட்டு எழுதியவர்களின் டெஸ்ட் எல்லாம் ஒரே நாளில் விழுந்தன. இதில் மிகவும் குழப்பும் எரர் ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்: பழைய நம்பை, 1.24 என்று வையுங்கள், அதை ரிக்வயர்மென்ட்ஸில் பூட்டி வைத்துவிட்டு 3.12-ல் இன்ஸ்டால் செய்தால் "பிகேஜியூட்டில் மாடியூலில் இம்ப்இம்போர்ட்டர் இல்லை" என்று நீளமாக ஒரு எரர் கொட்டும். நம்பையின் பெயரே அதில் முக்கியமாகத் தெரியாது. நடப்பது என்னவென்றால், 3.12-க்கு 1.24-ன் வீல் கிடையாது, அதனால் பிப் சோர்ஸை இறக்கிக் கட்டப் பார்க்கிறது, கட்டுவதற்கு அந்தக் கால செட்டப்டூல்ஸைத் தனியாக இறக்குகிறது, அந்தச் செட்டப்டூல்ஸ் 3.12-ல் நீக்கப்பட்ட ஒன்றைத் தேடி விழுகிறது. பிப்பை அப்டேட் செய்தாலும் தீராது, செட்டப்டூல்ஸைக் கையால் போட்டாலும் தீராது. நம்பையை 1.26-க்கு ஏற்றினால் தீரும், இல்லையென்றால் 3.11-க்கு இறங்க வேண்டும்.

அந்த 1.26 என்பதுதான் 3.12-ஐத் தேர்ந்தெடுக்க இன்றைக்கு இருக்கும் வலுவான காரணம். நம்பை 2.0 வந்தது 2024 ஜூனில், பழைய சி இணைப்புகளை உடைத்துக்கொண்டு. அதற்கு மாறாத ஒரு நூலகம், நாலு வருடம் முன்பு யாரோ ஆராய்ச்சிக்காக எழுதி விட்டுவிட்டுப் போனது, உங்கள் பட்டியலில் இருக்கிறது என்றால் நீங்கள் 1.26-லேயே நிற்க வேண்டும். 1.26-க்கு 3.12 வரைக்கும்தான் வீல் இருக்கிறது, 3.13-க்கு இல்லை. ஆக உங்கள் உச்சவரம்பு 3.12. படக்கருவி, மரபணு, பழைய மெஷின் லேர்னிங் மாடல் என்று வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள், தவறொன்றும் இல்லை, 2028 அக்டோபர் வரை தாங்கும்.

3.13 பக்கம் வந்தால், அங்கே நீக்கப்பட்ட பட்டியல் வேறு. செத்த பேட்டரிகள் என்று பேர் வைத்து, பைத்தானோடு சேர்ந்தே வந்த 19 பழைய மாடியூல்களை மொத்தமாகத் தூக்கினார்கள்: சிஜிஐ, கிரிப்ட், டெல்நெட்லிப், ஆடியோஆப், இன்னும் பெயரே கேள்விப்படாத பல. இதையெல்லாம் யார் பயன்படுத்துகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நேரடியாக யாரும் பயன்படுத்துவதில்லை, நூலகத்துக்குள் நூலகமாக ஒளிந்திருக்கும். ஆடியோ வெட்டி ஒட்ட எல்லோரும் எடுக்கும் பைடப் அதற்கு ஓர் உதாரணம். 3.13-ல் அதை இம்போர்ட் செய்தால் "பைஆடியோஆப் என்ற மாடியூல் இல்லை" என்று வரும். உடனே அந்தப் பெயரில் பிப் இன்ஸ்டால் அடிப்பார்கள், பலனிருக்காது. உண்மையில் பைடப் முதலில் ஆடியோஆப்பைத் தேடுகிறது, அது 3.13-ல் இல்லை, கிடைக்காவிட்டால் பைஆடியோஆப்பைத் தேடும்படி எழுதியிருக்கிறார்கள், அதுவும் இல்லை, கடைசியாகத் தேடியதன் பெயர்தான் எரரில் வருகிறது. ஆடியோஆப்-எல்டிஎஸ் என்ற பேக்கேஜைப் போட்டால் வேலை முடிந்தது. சிஜிஐக்கும் அதேபோல் லெகசி-சிஜிஐ என்று ஒன்று இருக்கிறது. வெப்சைட் கட்டப் பயன்படும் ஜாங்கோவில் 3.2 போன்ற பழைய பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிஜிஐ நீக்கம்தான் முதல் அடி, ஆனால் அவர்கள் பைத்தானை மாற்றும் முன் ஜாங்கோவை மாற்றுவது நல்லது, ஜாங்கோ 3.2-க்குப் பாதுகாப்பு 2024-லேயே நின்றுவிட்டது.

இந்தத் தொல்லையை ஒரு முறை தாண்டிவிட்டால் 3.13 நிம்மதியான பதிப்பு. டெர்மினலில் பைத்தான் என்று அடித்து உள்ளே போனால் பல வரிகளை ஒன்றாகத் திருத்தலாம், மேல் அம்பை அழுத்தினால் முழு ஃபங்ஷனும் திரும்ப வருகிறது, எரர் வண்ணத்தில் வருகிறது. வெளியேற வெறுமனே எக்ஸிட் என்று அடித்தால் போதும், அடைப்புக்குறி போடச் சொல்லிப் பாடம் நடத்துவதில்லை. இதை இத்தனை வருடம் கழித்தாவது செய்தார்களே. பெரிய நூலகங்கள் எல்லாம் 3.13-க்கு வந்துவிட்டன, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13 அதையே தன் பைத்தானாக வைத்திருக்கிறது, 2026 அக்டோபர் வரை பக் திருத்தமும் உண்டு. ஜேஐடி (ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றி வேகப்படுத்துவது), ஜிஐஎல் இல்லாத பைத்தான் என்றெல்லாம் 3.13 வந்தபோது ஆரவாரமாகப் பேசினார்கள், அவை சோதனை நிலையில்தான் இருந்தன, அதற்காக 3.13 போட வேண்டாம்.

ஜிஐஎல் இல்லாத பைத்தானுக்காக என்றால் 3.14. குளோபல் இன்டர்ப்ரெட்டர் லாக், சுருக்கமாக ஜிஐஎல், என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒரு ப்ராசஸுக்குள் எத்தனை த்ரெட் திறந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைத்தான் குறிமுறையை ஓட்ட முடியும், எட்டு கோர் வாங்கினாலும் ஒன்றுதான் சூடாகும். இந்தப் பூட்டு இல்லாத கட்டமைப்பை 3.14-ல் அதிகாரப்பூர்வமாக ஆதரிக்கிறார்கள், ஆனால் தனிப் பதிப்பாக, 3.14டி என்று. சாதாரணமாக 3.14 போட்டால் பூட்டு அப்படியேதான் இருக்கும், இது பலருக்குப் புரியாமல் 3.14 போட்டும் வேகம் கூடவில்லையே என்று கேட்கிறார்கள். டி பதிப்பில் ஒற்றை த்ரெட் வேலை 5 முதல் 10 சதவீதம் மெதுவாகும் என்பது அவர்களே சொல்லும் கணக்கு. அதையும் ஏற்றுக்கொண்டு போட்டாலும் இன்னொரு கண்ணி இருக்கிறது: பூட்டு இல்லாமல் ஓடத் தயார் என்று அறிவிக்காத ஒரே ஒரு சி நூலகத்தை இம்போர்ட் செய்தால் போதும், பைத்தான் தானாகவே பூட்டைத் திரும்பப் போட்டுவிட்டு ஒரு வார்னிங் கொடுக்கும். லாக்கில் அந்த வார்னிங்கைக் கவனிக்காவிட்டால், பூட்டும் இருக்கும், அந்த வேக இழப்பும் இருக்கும். கணக்கு அதிகம் போடுகிற, த்ரெட்டில் பிரிக்க வசதியான, நூலகங்கள் குறைவான வேலை உங்களிடம் இருந்தால் தாராளமாக முயன்று பாருங்கள், நன்றாகவே இருக்கிறது. ஒரு சாதாரண வெப்சைட்டுக்குத் தேவையில்லை.

வேகம் பற்றி இன்னொன்று, கொஞ்சம் சுவாரசியமானது. 3.14-ல் இன்டர்ப்ரெட்டரை உள்ளே புதிய முறையில் எழுதி, ஆரம்பத்தில் 10 சதவீதத்தைத் தாண்டிய வேகம் என்று அறிவித்தார்கள். பிறகு பார்த்தால், ஒப்பிட எடுத்த பழைய முறைதான் அப்போது பயன்படுத்திய புதிய கிளாங் கம்பைலரில் இருந்த ஒரு பக்கால் வழக்கத்தைவிட மெதுவாக ஓடியிருக்கிறது. திருத்திய கணக்கு 3 முதல் 5 சதவீதம். மறைக்காமல் அவர்களே திருத்தி எழுதினார்கள் என்பது பாராட்ட வேண்டியது, ஆனால் பெஞ்ச்மார்க் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மேலாளரிடம் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கும் இதைக் காட்டலாம்.

3.14-ல் நிஜமாகக் கவனிக்க வேண்டியது பெரிய தலைப்புகளில் வராத இரண்டு மாற்றங்கள். முதலாவது, லினக்ஸில் மல்டிப்ராசஸிங் புதுப் ப்ராசஸைத் தொடங்கும் விதம். இதுவரை ஃபோர்க்: அம்மா ப்ராசஸின் நினைவகம் அப்படியே பிள்ளைக்கும் தெரியும். அதனால் பலர், ஒரு பெரிய அட்டவணையை முதலில் குளோபலாக ஏற்றிவிட்டு, பிறகு பூல் போட்டு எட்டுப் பிள்ளைகளும் அதைப் படிக்கும்படி எழுதியிருப்பார்கள். யாரும் அதை வெளிப்படையாக அனுப்பியிருக்க மாட்டார்கள், அனுப்பாமலே வேலை செய்தது. 3.14-ல் இயல்பு முறை ஃபோர்க்சர்வர் என்று மாறிவிட்டது. இதில் பிள்ளை உங்கள் ஃபைலை முதலிலிருந்து இம்போர்ட் செய்கிறது. மெயின் என்று சரிபார்க்கும் இஃப் வரிக்கு உள்ளே அந்த அட்டவணையை ஏற்றியிருந்தால் பிள்ளைக்கு அப்படி ஒரு பெயரே தெரியாது, நேம்எரர். அந்த இஃப் வரிக்கு வெளியே ஏற்றியிருந்தால் எட்டுப் பிள்ளைகளும் தனித்தனியாக அதை ஏற்றக்கூடும், நினைவகம் பல மடங்காகலாம், எரர் வராது, சர்வர் மட்டும் மூச்சுத் திணறும். விண்டோஸிலும் மேக்கிலும் ஏற்கெனவே ஃபோர்க் இயல்பு கிடையாது என்பதால் அங்கே எழுதியவர்கள் பழகியிருப்பார்கள். லினக்ஸிலேயே எழுதி லினக்ஸிலேயே ஓட்டியவர்கள்தான் மாட்டுவார்கள். ஃபோர்க் வேண்டும் என்று கையால் குறிப்பிட்டால் பழையபடி ஓடும், ஆனால் த்ரெட்டோடு ஃபோர்க் சேர்ந்தால் ப்ராசஸ் உறைந்துபோகும் ஆபத்து இருப்பதால்தான் மாற்றினார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது, டைப் குறிப்புகளை (எங்கே எந்த வகை மதிப்பு வரும் என்று எழுதி வைப்பதை) உடனே கணக்கிடாமல் தேவைப்படும்போது மட்டும் கணக்கிடுவது. எழுதுகிறவருக்கு வசதி: கீழே வரப்போகும் கிளாஸின் பெயரை மேற்கோள் குறி இல்லாமலே எழுதலாம். ஆனால் அந்தக் குறிப்புகளைப் படித்து வேலை செய்யும் நூலகங்களுக்கு இது அடிமட்ட மாற்றம். உதாரணத்துக்கு, தரவைச் சரிபார்க்கும் பைடான்டிக் நூலகம்: அதன் 2.12-ல்தான் பைத்தான் 3.14-க்கு ஆதரவு வந்தது. பைடான்டிக் 1 வைத்து எழுதிய பழைய ஏபிஐ உங்களிடம் இருந்தால் 3.14 பக்கமே போக வேண்டாம், அது 3.14-க்குப் பொருந்தாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பைடான்டிக்கின் மேல் கட்டிய ஃபாஸ்ட்ஏபிஐயில் பழைய சர்வீஸ் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆக என் கணக்கில் 3.14 இரண்டு வகையினருக்கு. ஒன்று, நூலகப் பட்டியல் சின்னதாக, எல்லாமே உயிரோட்டமாகப் பராமரிக்கப்படுவதாக வைத்திருப்பவர்கள். இன்னொன்று, நூலகம் எழுதி வெளியிடுகிறவர்கள். அவர்களுக்கு விருப்பமெல்லாம் கிடையாது, இன்றே சோதிக்க வேண்டும். மற்றவர்கள் 3.13-ல் ஒரு வருடம் இருந்துவிட்டுப் பிறகு போனால் ஒன்றும் குறைந்துபோகாது.

சர்வரில் ஓஎஸ் என்ன என்பதும் முடிவைத் திருப்பும். உபுண்டு 22.04-ல் 3.10, 24.04-ல் 3.12, டெபியன் 12-ல் 3.11, ரெட்ஹாட் 9-ல் 3.9, ரெட்ஹாட் 10-ல் 3.12. இந்தப் பைத்தான் ஓஎஸ்ஸுக்குச் சொந்தமானது, அதன் பாதுகாப்பை ஓஎஸ்ஸை வெளியிடுகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். ரெட்ஹாட் 9-ன் 3.9-க்கு 2032 வரைகூட ஒட்டுப்போடுவார்கள். எனவே ஆயுள் முடிந்துவிட்டது என்று தணிக்கைக்காரர் கத்தினால், எந்த 3.9 என்று முதலில் கேளுங்கள். ஆனால் அவர்கள் காப்பாற்றுவது மொழியை மட்டும்தான், மேலே சொன்ன நம்பை கதை அங்கேயும் அப்படியே நடக்கும். அந்தப் பைத்தானை நீக்கவோ மாற்றவோ மட்டும் செய்துவிடாதீர்கள், உபுண்டுவில் சிஸ்டம் கருவிகள் பல அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்தில் தனியாக ஒன்று போடுங்கள், யூவி இப்போது இதை நொடிகளில் செய்துவிடுகிறது. நிரலைத் தன் சூழலோடு பொட்டலமாகக் கட்டி ஓட்டும் டாக்கர் என்றால் ஒரே எச்சரிக்கை: பைத்தான் பதிப்பைக் குறிக்கும் டேக்கில் வெறும் 3 என்று எழுதாதீர்கள், 3.13 என்று எழுதுங்கள். வெறும் 3 என்றால் ஒவ்வொரு அக்டோபரும் யாரும் கேட்காமலே பதிப்பு ஏறிவிடும்.

ஜாங்கோக்காரர்களுக்குக் கேள்வி எளிது. ஜாங்கோ 5.2 எல்டிஎஸ் 2028 ஏப்ரல் வரை, அது பைத்தான் 3.10 முதல் 3.14 வரை எதிலும் ஓடும். ஜாங்கோ 6.0 வேண்டுமென்றால் பைத்தான் 3.12-க்குக் கீழே இடமில்லை. இரண்டுக்கும் பொதுவாக 3.13.

தமிழ் உரையோடு வேலை செய்பவர்கள் இதில் ஏதாவது பதிப்பு நமக்கு நல்லதா என்று கேட்பதுண்டு. இல்லை, எல்லாம் ஒன்றுதான். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் கேட்டால் எந்தப் பதிப்பும் 5 என்றுதான் சொல்லும், புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணி. மூன்று எழுத்தாகப் பிரிக்க ஓபன்-தமிழ் போன்ற நூலகம்தான் வேண்டும். விண்டோஸில் தமிழ் ஃபைலைத் திறந்தால் குப்பையாக வருவதும் 3.14 வரை அப்படியே இருக்கிறது, ஃபைல் திறக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று எழுதித்தான் ஆக வேண்டும். 3.15-ல் அது இயல்பாகவே யூடிஎஃப்-8 ஆக வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள், அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதற்குக் காத்திருக்கிறேன். பிளஸ் டூவில் பைத்தான் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 3.13 இன்ஸ்டாலரைப் போடுங்கள், பாடத்தில் வருவதெல்லாம் அதில் ஓடும். லேபில் இன்னும் விண்டோஸ் 7 மெஷின் இருந்தால் 3.8-க்கு மேல் ஏறாது, பாடத்துக்கு அதுவும் போதும்.

இனி 3.9, 3.10-லிருந்து கிளம்புகிறவர்கள். நேராக 3.13-க்குத் தாவாமல் நடுவில் 3.12-ல் கொஞ்ச நாள் நிற்பதுதான் என் வழி, காரணம் இருக்கிறது. அந்த 19 மாடியூல்களையும் 3.13 நீக்கியது என்றால், 3.12 அவற்றை நீக்காமல் எச்சரிக்கிறது. எனவே முதலில் பழைய பைத்தானிலேயே நூலகங்களை முடிந்தவரை மேலே ஏற்றுங்கள், அது ஒரு கமிட் (தனியாகப் பதிந்து வைக்கும் மாற்றம்). பிறகு பைத்தானை மட்டும் 3.12 ஆக்குங்கள், அது வேறு கமிட். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது உடைத்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போகும். டிஸ்ட்யூட்டில்ஸ் பிரச்சினைகள் எல்லாம் இந்த இடத்தில் வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் டெஸ்ட்டை டெப்ரிகேஷன் வார்னிங்குகள் (இதைப் பின்னால் நீக்கப்போகிறோம் என்ற எச்சரிக்கைகள்) தெரியும்படி ஓட்டுங்கள். சாதாரணமாக ஓட்டினால் பைத்தான் அவற்றில் பெரும்பாலானவற்றை மறைத்துவிடும், டெஸ்ட் ஓட்டும் கருவியான பைடெஸ்ட் கடைசியில் திரட்டிக் காட்டும். அதில் 3.13 என்று எண் குறிப்பிட்டு வரும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்தால், எந்த நூலகம் எந்த மாடியூலைத் தொடுகிறது என்பது ஃபைல் பெயர், வரி எண்ணோடு கையில் கிடைத்துவிடும்.